பெரியம்மா உயிரோடு இருந்தபோது நான் போட்ட பந்தல்

உயிரோடு இருந்த பெரியம்மாவுக்குப் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டி வரவழைத்து, அழுவதற்கு ஒரு வேன் நிறைய ஆள் திரட்டியவன் நான். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான் என்று தப்பிக்கவும் வழியில்லை.

முதலில் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகும் வண்டி. கண்டக்டர் என்றால் தொண்டை கிழியக் கத்துவார் என்றுதான் நினைப்பீர்கள். பெரியப்பா கத்தி யாரும் கேட்டதில்லை. நிறுத்தம் வந்தால் விசில் ஊதுவார்; ஊர்ப் பெயரைப் பயணிகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். சில்லறை இல்லை என்றால்கூட வாயால் சொல்லமாட்டார், வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். ஆனாலும் அந்தத் தடத்தில் அவருக்கு இருந்த மரியாதை எம்.எல்.ஏ.வுக்கு இருந்ததில்லை.

வீட்டில் அவருக்கும் சேர்த்துப் பெரியம்மா பேசினார். கோழியிடம் பேசுவார், அடுப்பிடம் பேசுவார், ஆள் இல்லாவிட்டால் மழை பெய்யாத வானத்தைப் பார்த்து நியாயம் கேட்பார். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. பள்ளி விடுமுறை முழுக்க நான் அவர்கள் வீட்டில்தான் கிடப்பேன். அதனால் அவர்களுக்குக் கொள்ளி வைக்கவேண்டியவன் நான்தான் என்று குடும்பத்தில் எப்போதோ முடிவாகியிருந்தது. (வேறு எதற்கும் என்னை நம்பி யாரும் பொறுப்பு கொடுத்ததில்லை. இந்த ஒரு பொறுப்பையாவது சிறப்பாகச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. வினையே அதில்தான் ஆரம்பித்தது.)

கடைசி இரண்டு வருடங்களாகப் பெரியம்மாவுக்கு மறதி. முதலில் பெயர்கள் போயின, பிறகு முகங்கள், பிறகு பேச்சும் குறைந்துவிட்டது. பெரியப்பாவே சமைத்தார், குளிப்பாட்டினார், தலைவாரிப் பின்னிவிட்டார். மதுரையிலிருந்து அந்த ஊருக்கு எழுபது கிலோமீட்டர்தான். நான் கடைசியாகப் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கேட்டவர்களிடம் வேலை என்று சொன்னேன். (வேலையெல்லாம் ஒன்றுமில்லை. போன தடவை பெரியம்மா என்னைப் பார்த்து, "தம்பி யாரு, கரண்டு பில்லு எடுக்க வந்தீகளா?" என்று கேட்டார். மறுபடி அந்தக் கேள்விக்கு எதிரில் போய் நிற்கப் பயம்.)

மே மாதம், காலை ஒன்பது மணி. அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போனில் பெரியப்பாவின் பெயர். அவராகப் போன் செய்து நான் பார்த்ததே இல்லை.

"செல்வம், பெரியம்மா போயிட்டா. நீ வா."

வைத்துவிட்டார். நான் அழுதேன். பொய்யில்லை, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாகவே அழுதேன். முகம் கழுவிவிட்டு வெளியே வந்ததும் என் திறமையைக் காட்டத் தொடங்கினேன். அரை மணி நேரத்தில் குடும்ப வாட்ஸப் குழுவில், பூப்போட்ட ஓரம் வைத்த புகைப்படத்துடன், எங்கள் அன்புப் பெரியம்மா இயற்கை எய்திய செய்தி வந்துவிட்டது. திருச்சுழியில் பந்தலுக்கும் நாற்காலிக்கும் சொல்லியாயிற்று. ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாயிற்று. காரியாபட்டியில் இருக்கும் சரசு அத்தை, அதாவது பெரியப்பாவின் தங்கை, சொந்தங்களை அள்ளிக்கொண்டு வர ஒரு வேனும் ஏற்பாடு. நடுவில் பெரியப்பாவுக்குப் பதினோரு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. பாவம், எந்த மனநிலையில் இருக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

பைக்கில் போய்ச் சேர்ந்தபோது வீடு திறந்து கிடந்தது. கட்டில் காலி. பெரியப்பாவின் போன் சுவரோரம் சார்ஜில் கிடந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். கொஞ்சம் மூளை உள்ளவன் இந்த இடத்தில் யோசித்திருப்பான். நானோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள், அங்கேதான் முடிந்திருக்கும், காகிதமெல்லாம் வாங்கிக்கொண்டு வரத் தாமதமாகும் என்று முடிவு கட்டினேன். ஐஸ் பெட்டிக்காரர் வந்து இறக்கிவிட்டு, "பாடி எங்கண்ணே?" என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். அதுவரை குளிரட்டும் என்று அவர் வயரைச் சொருகிவிட்டு, பீடி பிடிக்கப் போனார்.

பகல் பன்னிரண்டுக்கு வேலைக்குப் போன பெண்கள் திரும்பினார்கள். பந்தலைப் பார்த்ததும் தெருமுனையிலேயே மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கதறிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே வேனும் வந்தது. சரசு அத்தை இறங்கும்போதே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். பெரியம்மாவின் தம்பி, இறந்தவர்மேல் போர்த்தும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையுடன் இறங்கினார். உடல் இல்லாமல் அழலாமா என்று ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். வந்த அழுகையை எப்படி அடக்குவது என்று அத்தை அதட்டினார். பெண்கள் தோளில் தோள் சாய்த்து வட்டமாக உட்கார்ந்து, தலை கவிழ்ந்து அழத் தொடங்கினார்கள்.

அப்போது டவுன் பஸ் ஒன்று நிறுத்தமே இல்லாத எங்கள் தெருமுனையில் நின்றது. அதிலிருந்து பெரியம்மா இறங்கினார்.

காலையில் பெரியப்பா குளித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா வெளியே நடந்து, ரோட்டில் வந்த ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டிருக்கிறார். நரிக்குடிக்குப் போய், அங்கே நிழலில் உட்கார்ந்திருந்தவரைப் பெரியப்பாவுடன் பஸ் ஓட்டிய பழைய டிரைவர் ஒருவர் அடையாளம் கண்டு, தன் வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து விட்டிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பெரியம்மா பந்தலுக்குள் வந்தார், அழுகிறவர்களைப் பார்த்தார், துக்க வீட்டில் என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. சரசு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கையைப் போட்டு அழத் தொடங்கினார்.

அத்தை பாதி வரியில் நிமிர்ந்தார். "மதினி" என்று ஒரு சத்தம். அப்படியே சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்தார்கள். அந்தக் களேபரத்தில் பெரியம்மா மட்டும் நிதானமாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"யாருப்பா போயிட்டாக?"

நான் ஒரு நாற்காலியை இழுத்து நேராகப் போட்டேன்.

"வயசானவுகளா?"

"ஆமா" என்றேன். (வேறு என்ன சொல்வேன்?)

"அப்ப நல்ல சாவுதான். வந்தவுகளுக்குக் காப்பி குடுத்தீகளா?"

அதற்குள் எல்லோர் கண்ணும் என்மேல் திரும்பியிருந்தது. சொல்லவேண்டியதையெல்லாம் கண்ணாலேயே சொன்னார்கள். அப்போதுதான் பெரியப்பா போனில் சொன்னதை நான் முதல் முறையாகச் சரியாகக் கேட்டேன். போயிட்டா என்றால் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். நீ வா என்றால் தேடுவதற்கு வா. பைக்கை எடுத்துக்கொண்டு பெரியப்பாவைத் தேடி ஓடினேன்.

கண்மாய் தாண்டி, கருவேலங்காட்டை ஒட்டிய ஒரு பழைய கிணற்றில் அவரைப் பார்த்தேன். சட்டை கரையில் மடித்து வைத்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு மூங்கில் கம்பால் அடியைத் துழாவிக்கொண்டிருந்தார். அது நான்காவது கிணறு. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத்தான் ஒருவனைக் கூப்பிட்டார். அவன் மூன்று மணி நேரமாக நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தான்.

"பெரியப்பா, பெரியம்மா வீட்டுக்கு வந்துட்டாக. நல்லா இருக்காக."

கம்பைக் கைவிட்டார். படியேறி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார். சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பொத்தான் போட அவரால் முடியவில்லை, நான்தான் போட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில், பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் சொல்ல முடிந்தது ஒன்றுதான் ஆறுதல். பந்தல், நாற்காலி, வேன், வாட்ஸப் எல்லாம் சொன்னேன். ஊர் எல்லை வந்ததும் கேட்டார்.

"ஐஸ் பெட்டியுமா?"

"ஆமா."

வீட்டில் கூட்டம் அப்படியே இருந்தது. பெரியம்மா வெயிலில் அலைந்து வந்தவர் அல்லவா. குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஐஸ் பெட்டியில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் தம்பி கொண்டுவந்த கோடிச் சேலை. தனக்குத்தான் என்று வாங்கி வைத்துக்கொண்டாராம். பிடுங்க யாருக்கும் துணிவில்லை. அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. பெரியப்பா உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றது. நேராகப் போய்ப் பெரியம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, திண்டுக்கல்லில் வாங்கிய பழைய நார்க்கட்டிலில் உட்காரவைத்தார். பிறகு வயரைப் பிடுங்கினார்.

வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப மறுத்துவிட்டார். சமையல் நடந்தது. பெரியம்மா அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லோரும் கிளம்பிய பிறகு நான் பெரியப்பாவிடம் மன்னிப்பு கேட்டேன்.

"விடுப்பா" என்றார். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, "ரெண்டு வருசமா அவளைப் பாக்க ஒருத்தரும் வரல. இன்னிக்கு எல்லாரும் வந்துட்டாக" என்றார்.

குத்திக்காட்டிப் பேசத் தெரிந்தவர் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் மாதம் இரண்டு முறை போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் பெரியம்மா என்னிடம் கரண்டு பில்லு எவ்வளவு என்று கேட்டார். ஏதோ ஒரு தொகையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வேன்.

கார்த்திகை மாதம் ஒரு மழைநாளில், விடிந்து எழுப்பப் போனபோது பெரியம்மா உயிரோடு இல்லை. நான் முந்தின நாளே அங்கே போயிருந்தேன். வாட்ஸப்பில் செய்தி போட்டேன். இந்த முறை கைகூப்பிய படம் ஒன்றுகூட வரவில்லை. செல்வம், நல்லாப் பாத்தியா, மூச்சு இருக்கான்னு பாரு என்று பதில் வந்தது. போன் செய்தால், பெரியப்பாகிட்டக் குடு, அவுக வாயால சொல்லட்டும் என்றார்கள். பெரியம்மாவின் சொந்தத் தம்பியே அப்படித்தான் கேட்டார்.

ஆக, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனிதர், மனைவி பக்கத்தில் கிடக்க, நாற்பது பேரிடம் அவள் இறந்துவிட்டாள் என்று தன் வாயால் சொல்லவேண்டியதாயிற்று. நான் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் யாருக்காவது கொடுமை செய்திருக்கிறேன் என்றால் அது இதுதான்.

முதல் ஆட்களிடம், "நெசந்தான்" என்று மட்டும் சொன்னார். ஐந்தாறு பேருக்குப் பிறகு, "தூக்கத்துலயே போயிருக்கா" என்பது சேர்ந்தது. பிறகு, நேற்று ரெண்டு இட்லி சாப்பிட்டாள் என்று ஒருவரிடம் சொன்னார். கடைசியாகச் சரசு அத்தை. அத்தை ஒன்றுமே கேட்கவில்லை, அழுதுகொண்டிருந்தார். பெரியப்பாதான் பேசினார்.

"நேத்துச் சாயங்காலம் தலை சீவிவிட்டேன் சரசு. என்னையத் திரும்பிப் பாத்து, நீங்க சாப்பிட்டீகளான்னு கேட்டா. புருசன்னு தெரிஞ்சு கேட்டாளா, யாரோ வந்த ஆளுன்னு கேட்டாளான்னு தெரியல. தெரிஞ்சுதான் கேட்டான்னு வச்சுக்கிட்டேன்."

அன்றைக்குத் திறந்த வாய் இன்னும் மூடவில்லை. காலை ஆறரைக்கு யாருக்காவது பெரியப்பாவின் போன் வரும். அரை மணி நேரத்துக்குக் குறையாது. கல்யாணமான புதிதில் அவர் பேசவே மாட்டார் என்று பெரியம்மா பிறந்த வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போன கதையைச் சொந்தத்தில் எல்லோரும் மூன்று முறை கேட்டாயிற்று. நீ திறந்துவிட்ட குழாய், நீயே பிடி என்று சொல்லி, அத்தை முதல் சின்னப் பிள்ளைகள் வரை அழைப்பை எனக்கே தள்ளிவிடுகிறார்கள். இன்று காலையும் வந்தது. அந்தக் கதையை நான்காவது முறையாகக் கேட்டேன். பெரியம்மாவைத் திரும்பக் கூட்டிவர எத்தனை நாள் ஆனது என்று, தெரியாதவன் போல இடையில் ஒரு கேள்வியும் கேட்டேன்.