சத்தியம் செய்தவர் கரைந்துவிட்டார்

புது மனிதனாகிவிடுவது என்று ராஜதுரை தீர்மானித்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு, சர்க்கரை இருநூற்றுத் தொண்ணூறு. மற்றவர்கள் புது மனிதனாவதற்குப் பரோட்டாவை விடுவார்கள். ராஜதுரைக்குப் பரோட்டா தின்பதற்காகப் புது மனிதனாக வேண்டியிருந்தது.

காரணம் மனைவி முத்துக்கனி. துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குச் சுங்கக் காகிதம் சரிபார்க்கும் கிளியரிங் ஆபீசில் இருபது வருஷ வேலை. வடை மடித்து வந்த தாளைக்கூடக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கசக்குவாள். அவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் அப்படித்தான் படித்தாள். படித்துவிட்டு அழுதாள். அழுது முடித்ததும் ஒரு கட்டி சூடத்தை ஏற்றி, திருச்செந்தூர் இருக்கிற திசையைக் காட்டி, "அணைங்க" என்றாள். இனிமேல் பரோட்டாவைத் தொடமாட்டேன் என்று சொல்லி ராஜதுரை அணைத்தார். சூடம் அணைத்த சத்தியத்தை மீற அவருக்குத் துணிச்சல் கிடையாது. முருகனிடம் பயம். முத்துக்கனியிடம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் பயம்.

மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பெட்டி வந்தது.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், ராஜதுரையின் கயிற்றுக் கடைக்கு எதிரிலேயே, ஏதோ ஒரு கம்பெனி கண்ணாடிப் பெட்டி ஒன்றை நிறுத்தியது. இதே மாதிரி இன்னொன்று திருச்செந்தூரில். இங்கே ஏறிக் கண்ணை மூடினால் அங்கே கண்ணைத் திறக்கலாம். சோதனை ஓட்டம் என்பதால் டிக்கெட் கிடையாது. ஊரே வரிசையில் நின்றது. பக்கத்துக் கடை ரோச் மட்டும் கிட்டவே போகவில்லை.

"அண்ணாச்சி, அது ஆளைக் கொண்டுபோகாதாம். இங்கன இருக்க ஆளை அளவெடுத்துட்டுக் கரைச்சிருமாம். அதே அளவுக்கு அங்கன புதுசா ஒரு ஆளைச் செய்யுமாம். கையெழுத்து வாங்குத பேப்பர்லயே போட்டிருக்கு."

"அப்ப இங்கன இருந்தவன்?"

"கரைஞ்சவன் கரைஞ்சவன்தான். நான் ஞாயித்துக்கிழமைதான் சர்ச்சுல பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்கேன். புது ஆளு முதல்லருந்து பண்ணணுமா என்னன்னு சாமியாருக்கே தெரியல."

ராஜதுரை கல்லாவை விட்டு எழுந்தே விட்டார். "ஏலே ரோச், அப்ப சத்தியம் பண்ணினவன்?"

"அவனும்தான் கரைவான்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் பெட்டிக்குள் ஏறிக் கண்ணை மூடினார். திறந்தபோது திருச்செந்தூர். கைவிரல்களை எண்ணினார், பத்து. தலையைத் தடவினார், வழுக்கையும் ஒரு குறையில்லாமல் வந்து சேர்ந்திருந்தது. 'அப்போது நான் யார்?' என்ற கேள்வி அங்கேதான் அவரைப் பிடித்துக்கொண்டது. பழைய ராஜதுரை போய்விட்டான் என்றால் இப்போது பசிப்பது யாருக்கு? அதே குழப்பத்தோடு ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்தார். முதல் இரண்டு பரோட்டாவுக்குக் குழப்பம் இருந்தது. மூன்றாவதில் குறைந்தது. நாலாவதுக்குச் சால்னாவை மறுபடி ஊற்றச் சொன்னபோது சுத்தமாகப் போய்விட்டது. திரும்பும்போது பஸ்ஸில்தான் வந்தார். பெட்டியில் ஏறப்போய், அது தப்பித்தவறிப் பழைய ஆளையே செய்து வைத்துவிட்டால் என்ன பண்ணுவது?

வீட்டு வாசலிலேயே முத்துக்கனி மூக்கை உறிஞ்சினாள்.

"சால்னா வாசம் அடிக்கி."

"அடிக்கத்தான் செய்யும். நாலு பரோட்டா."

"சூடம் அணைச்சு சத்தியம் பண்ணினியளே."

"ஏளா, நான் எங்க பண்ணினேன்? பண்ணினவன் பெட்டியில கரைஞ்சிட்டான். நான் இன்னைக்கு மத்தியானம் செஞ்ச ஆளு."

அவர் நீட்டிய பெட்டிக்காரர்களின் தாளை அவள் கடைசி வரி வரை படித்தாள். கத்துவாள் என்று காத்திருந்தார். அவள் தாளை மடித்து வைத்தாள்.

"சரிதான். அப்படித்தான் போட்டிருக்கு."

இவ்வளவு சுலபமாக ஜெயித்து அவருக்குப் பழக்கமில்லை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியாமல் நாற்காலியில் உட்காரப் போனார்.

"அது எங்க வீட்டுக்காரர் நாற்காலி."

"ஏளா, நான்தான."

"ஏளான்னு கூப்பிடாதிய. அவிய ஒருத்தர்தான் என்னைய அப்படிக் கூப்பிடலாம். அவிய இப்ப இல்ல. பைக் சாவிய இங்கன வைங்க. வீடும் கடையும் அவிய பேருல இருக்கு, எனக்குத்தான் வரும். நீங்க யாரு பெத்த பிள்ளையோ, சீக்கிரம் கிளம்புங்க. பக்கத்து வீட்டு அனுஜா பாத்தா என்ன நினைப்பா?"

ராஜதுரை சட்டையை விலக்கித் தோள் மச்சத்தைக் காட்டினார்.

"அளவெடுத்துச் செஞ்சா மச்சமும் வரத்தான செய்யும்."

"நம்ம கல்யாணத்துல உங்க சித்தப்பா வேட்டி அவுந்து விழுந்துச்சே, அது வேற யாருக்குத் தெரியும்?"

"மண்டபத்துல இருந்த எழுநூறு பேருக்கும் தெரியும்."

"நம்ம கல்யாண நாளு..." என்று ஆரம்பித்துவிட்டு அவர் முழித்தார்.

"அவியளுக்கும் அது தெரியாது. கம்பெனிக்காரன் நல்லாத்தான் செஞ்சிருக்கான்."

கடைசியில் ராஜதுரையே கெஞ்சினார். "நான் பழைய ஆளுதான், முத்துக்கனி. சூடம் அணைச்சதும் நான்தான். பரோட்டா தின்னதும் நான்தான்."

"எழுதித் தாங்க."

எழுதினார். கையெழுத்தும் போட்டார். அவள் சரிபார்த்து வாங்கிப் பீரோவில் வைத்தாள். அதற்கப்புறம்தான் அவள் குரல் உடைந்தது.

"எங்கப்பாவுக்கு இந்தச் சர்க்கரையிலதான் காலு போச்சு. பொறவு ஆளே போயிட்டாவ. நீங்க பெட்டியில ஏறித்தான் கரையணுமா?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. "என்ன பரிகாரம்னு சொல்லு, செய்யுதேன்."

"திருச்செந்தூருக்கு நடந்து வாங்க. பெட்டியும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. முருகன்ட்ட மன்னிப்புக் கேளுங்க."

"ஏளா, நாப்பது கிலோமீட்டரு." வெட்கத்துக்கு நடுவிலும் அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். "நடந்துட்டா, மாசத்துக்கு ஒரே ஒரு பரோட்டா?"

முத்துக்கனி கொஞ்சம் யோசித்தாள். "சரி. ஒண்ணே ஒண்ணு. இது என் வாக்கு."

வெள்ளிக்கிழமை விடிகாலையில் கிளம்பினார். முக்காணியில் செருப்பு அறுந்தது. ஆத்தூரில் கொப்புளம் வந்தது. ஆறுமுகநேரியில் அது உடைந்தது. வழிநெடுகப் பரோட்டாக் கடைகள். மாசத்துக்கு ஒன்று, மாசத்துக்கு ஒன்று என்று முணுமுணுத்துக்கொண்டே தாண்டினார்.

சாயங்காலம் கோவில் வாசலில் முத்துக்கனி காத்திருந்தாள். தலையில் பூ வாடவில்லை, சேலை கசங்கவில்லை.

"நடந்துட்டேன்." ராஜதுரை மணலில் அப்படியே உட்கார்ந்தார். "முதல்ல சாமி. பொறவு என் பரோட்டா."

"என்ன பரோட்டா?"

"வாக்குக் கொடுத்தியே."

முத்துக்கனி பையிலிருந்து புதுச் சூடம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நான் பெட்டியிலல்லா வந்தேன். வாக்குக் கொடுத்தவ தூத்துக்குடியிலயே கரைஞ்சிட்டா."