தண்ணிக்கு ரெண்டு கிலோ

மனிதர்களில் நிறுவைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அவர் கையில் தராசு இருக்காது. தேவையும் இல்லை. நீங்கள் ஒரு காரியத்தைச் செய்யப் போவதாக வாய் திறந்தால் போதும், தலையை இடது பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கி, "செய்யலாம்... ஆனா நல்லது கெட்டது பாக்கணும்ல?" என்பார். அந்த 'ஆனா' காதில் விழுந்தவுடன் எங்காவது உட்கார்ந்துவிடுங்கள். நின்றால் கால் வலிக்கும்.

சைக்கிள் வாங்கப் போகிறவனிடம் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் போனவர்களின் கதையைச் சொல்வார். சைக்கிள் வேண்டாம் என்கிறவனிடம், நடந்து போய்ப் பாம்புக் கடி வாங்கியவரின் கதையைச் சொல்வார். பெண் பார்க்கப் போகும் வீட்டில் பெண்ணைத் தவிர எல்லாவற்றையும் பார்ப்பார். இரண்டு பக்கமும் பார்த்துப் பேசுகிற மனிதர் என்று ஊரில் நல்ல பெயர் இருக்கும். உண்மையில் அவர் பார்ப்பது ஒரு பக்கத்தைத்தான். அதையே இரண்டு தடவை பார்ப்பார்.

பெல்மதுளையில் பஸ் ஏறி முக்கால் மணி நேரம் குலுங்கி வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே இந்த இனத்தின் மிகத் தெளிவான மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் கன்னையா. ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை. முப்பது வருஷம் மலையில் நின்று பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்தவர். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு ஒரு கிலோவும் இலையிலுள்ள ஈரத்துக்கு இரண்டு கிலோவும் கழிப்பார்கள். மழை நாளில் கழித்தால் ஏதோ நியாயம் என்று விடலாம். கன்னையா வெயிலிலும் கழித்தார்.

"வெயிலு மண்டையப் பொளக்குது, எங்கங்க ஐயா தண்ணி?" என்று பெண்கள் சண்டைக்கு வந்தால், "வெடியக்காலையில பனி பேஞ்சுச்சுல்ல?" என்பார்.

அவருடைய சொந்த அக்கா இருளாயியின் கூடைக்கு மட்டும் தண்ணிக்கு மூன்று கிலோ. பாரபட்சம் பார்ப்பதாக யாரும் சொல்லிவிடக் கூடாதாம்!

ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்ற அன்று தோட்டம் அவரிடமிருந்து தராசைத் திருப்பி வாங்கிக்கொண்டது. கழிக்கும் பழக்கத்தை வாங்க மறந்துவிட்டது.

2002ஆம் வருஷம் இருளாயி அக்காவுக்கு அறுபது முடிந்தது. பெயரை வேலைப் பதிவிலிருந்து வெட்டினார்கள். வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யாவிட்டால் தோட்டம் கொடுத்த ஒற்றை அறை வீட்டை, அந்த லயத்துக் காம்பராவையும் விட வேண்டும். ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். அவருக்குப் புருஷன் இல்லை. மகன் சசி கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறான், கடைக்கு மேலேயே இன்னும் ஆறு பேரோடு பாய் விரித்துப் படுக்கிறான். மகள் கலைச்செல்வியை வரக்காப்பொலவில் கட்டிக் கொடுத்திருக்கிறது. இரண்டு பேரும் தீபாவளிக்கு வருவார்கள். வர முடியாவிட்டால் வாழ்த்து அட்டை வரும்.

அந்த நேரத்தில்தான் பெல்மதுளையில் அந்த அறை கிடைத்தது. அப்துல் ரஸாக் நானாவின் கடைக்குப் பின்னால் வரிசையாக நாலு அறைகள். ஒரு காலத்தில் மாணிக்கக் குழியில் வேலை செய்தவர்கள் தங்கக் கட்டியவை. அவர்கள் போன பிறகு, நானாவின் மனைவி மஹ்மூதா அவற்றைத் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்க ஆரம்பித்தார். அது ஆசிரமம் இல்லை. மணி அடித்துச் சோறு போட மாட்டார்கள். மணி அடித்துத் தூங்கவும் சொல்ல மாட்டார்கள். சொந்த அடுப்பு, சொந்தக் கதவு. ஆஸ்பத்திரி கிட்ட, சந்தை கிட்ட. மூன்று அறைகளில் ஆள் வந்துவிட்டது. ஒன்றுதான் பாக்கி.

"எனக்கு அது போதும்," என்றார் இருளாயி அக்கா. "இத்தன வருஷத்துல என் கையில ஒரு சாவி இருந்ததில்ல. இந்தக் காம்பராவுக்குப் பூட்டே கெடையாது, கதவுக்குக் கயிறுதான். போயா வரைக்குந்தான் வச்சிருப்பாங்களாம். அதுக்குள்ள சொல்லணும்."

விஷயம் இவ்வளவுதான். ஒரு மனுஷி, ஓர் அறை, பௌர்ணமிப் போயாவுக்கு மூன்று வாரம். நீங்களோ நானோ என்றால் சாமான் தூக்க ஆள் பார்த்திருப்போம். ஆனால் பிள்ளைகள் தாய்மாமனைக் கேட்காமல் முடிவெடுக்கலாமா? கேட்டார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சசியும் கலைச்செல்வியும் வந்து சேர்ந்தார்கள். இருளாயி அக்கா தேங்காய் ரொட்டி சுட்டு, மிளகாயும் உப்புமாய்க் கட்ட சம்பல் இடித்து, பால் இல்லாத தேநீராய்ச் சாயத்தண்ணி ஊற்றினார். கன்னையா புதுக் கொப்பி ஒன்றைத் திறந்து, பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். கோணாமல் இருக்கச் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பை வைத்துப் போட்டார். தட்டு வட்டம் என்பது அவருக்குக் கோடு வளைந்த பிறகுதான் தெரிந்தது. வளைவு நன்மைப் பக்கத்தை அமுக்கிக்கொண்டு போயிருந்தது.

"சொல்லுங்க," என்றார்.

"ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு மாமா," என்றாள் கலைச்செல்வி.

"பக்கத்துல இருந்தா சும்மா சும்மா போகத் தோணும். சும்மா போனா இல்லாத நோய் வருத்தத்தக் கண்டுபிடிப்பாங்க. தண்ணிக்கு ரெண்டு கழி."

"சொந்த அடுப்பு," என்றான் சசி.

"பத்த வைக்கிறது யாரு?"

"அம்மாதான்."

"நெருப்புப் புடிச்சா?"

அடுப்பு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் போனது.

"வாடக குறைவு மாமா."

"அதான் எனக்குச் சந்தேகமே. குறைவா குடுக்கிறாங்கன்னா அதுல என்னமோ இருக்கு. அதுக்கு அரைப்பேர் போடு."

அரைப்பேர் என்றால், கொழுந்து சொன்ன அளவுக்கு வராத நாளில் கொடுக்கும் அரைச் சம்பளம். முப்பது வருஷம் பெண்களுக்குப் போட்டதை இப்போது நன்மைகளுக்குப் போட்டார்.

கெட்டதுக்குக் கழிவு உண்டா? ஒரு கிராம்கூட இல்லை. "ஒத்தையில விழுந்துட்டா யாரு தூக்குவா?" முழு நிறை. லயத்தில் விழுந்தால் யார் தூக்குவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. போன ஐப்பசியில் இருளாயி அக்கா வாசலில் வழுக்கி விழுந்து தானாகவே எழும்பி வேலைக்குப் போனது எல்லாருக்கும் தெரியும். "ஊர் என்ன பேசும்?" அதற்கும் முழு நிறை. ஊர் அப்போது தேங்காய் ரொட்டி வாசத்துக்குக் கதவோரம் வந்து நின்றதே தவிர, ஒன்றும் பேசவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு, மூன்று ஞாயிறும்.

மற்ற இடங்களையும் நிறுத்துப் பார்த்தார்கள். கொழும்பு: ஏழாவது பாய் விரிக்க இடமில்லை. வரக்காப்பொல: "என் மாமியாரு..." என்று கலைச்செல்வி ஆரம்பித்தாள். முடிக்கத் தேவைப்படவில்லை. கேகாலைப் பக்கத்து முதியோர் இல்லம்: நாலு பேர் பிள்ளைகளைக் காறித் துப்புவார்கள். கன்னையாவின் வீட்டில் இரண்டு அறைகள் இருக்கின்றன. அதைப் பற்றிக் கொப்பியில் ஒரு வரிகூட இல்லை. தாள் போதவில்லையோ என்னவோ.

சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த ஞாயிறு தொடர்வதாகக் கலைந்தார்கள்.

இரண்டாம் ஞாயிறு சசிக்குப் பொறுமை போய்விட்டது. "சரி மாமா, போதும். அம்மாவுக்குப் புடிச்சிருக்கு, போகட்டும். நாளைக்கே போய்ச் சொல்லிருவோம்," என்றான். கலைச்செல்வியும் தலையாட்டினாள். கன்னையா பேனாவை மூடப் போனார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்போது வாயைத் திறந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இருளாயி அக்கா!

"அவசரப்படாத சாமி. கூரை ஒழுகுதான்னு பாக்கலியே?"

கன்னையாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெயில் நாளில் ஈர இலையைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. "பாத்தியா! இதத்தான் நான் சொல்றேன். கூரை! எழுது!"

மூன்றாம் ஞாயிறும் அதே கதை. பேச்சு முடியப்போகும் நேரத்தில் அக்கா, "அங்க கொசு உண்டாமே," என்றார். அது முடிந்ததும், "ராவைக்குப் பூனை வருமாம்," என்றார். போயாவுக்கு நாலு நாள்தான். சாவி வேண்டும் என்று கேட்ட மனுஷியே தன் வாயால் அறையைக் கெடுத்துக்கொள்கிறாரே! முப்பது வருஷம் தம்பியின் தராசுக்கு முன்னால் நின்றவருக்கும் அந்த நோய் தொற்றிவிட்டதா?

கடைசி நிலவரம், தீமை முப்பத்தொன்று, நன்மை நாலரை. கன்னையாவுக்கு அதுவும் போதவில்லை. போயா அன்று நேரில் போய்ப் பார்த்து மிச்ச தீமைகளையும் எழுதிக்கொண்டு வருவது என்று தீர்மானித்தார்.

போயா அன்று நாலு பேரும் போனார்கள், கூடவே நானும் ஒட்டிக்கொண்டேன். சசி முன்னால் நடந்தான், கன்னையா கொப்பியோடு நடந்தார், இருளாயி அக்கா கடைசியில் அசைந்து அசைந்து வந்தார். கடைக்குப் பின்னால் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த மஹ்மூதா நிமிர்ந்து பார்த்தார். அவர் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகும்.

"வாங்க இருளாயிக்கா! புள்ளைகளையும் கூட்டிக்கிட்டா வந்தீக்கிறீங்க? தண்ணி நீங்க சொன்ன மாதிரியே குடத்துல புடிச்சு வச்சீக்கி."

ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இருளாயி அக்கா இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். ஒரு சாவியை எடுத்தார். நாலாவது கதவைத் திறந்தார். உள்ளே அவர் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் இருந்தது. பாய் இருந்தது. அம்மன் படத்துக்குப் பூவும் வைத்திருந்தது.

கன்னையாவின் தலை முதல் தடவையாக நேராக நின்றது.

"இது எப்பக்கா வாங்குன?"

"பேர் வெட்டுன மறுநாளே."

"அப்ப நாங்க மூணு ஞாயித்துக்கெழம குந்தி நிறுத்தது?"

"நீ நிறுத்துக்கிட்டு இருந்த. புள்ளைங்க வந்துக்கிட்டு இருந்தாங்க." அவர் கேத்தலை அடுப்பில் வைத்தார். "போன வருஷம் முழுக்க ரெண்டே தடவதான் வந்தாங்க தம்பி. இந்த மாசம் மட்டும் மூணு ஞாயிறு, இன்னைக்குப் போயாவும் சேத்தா நாலு. அத ஒங் கொப்பியில எந்தப் பக்கம் எழுதுன?"

கன்னையா கொப்பியைப் புரட்டினார். பழக்கதோஷம்.

"தண்ணிக்கு ரெண்டு கழிச்சுக்க," என்றார் அக்கா. "அப்பவும் எனக்கு மிச்சந்தான்."

கலைச்செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். சசி ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஒழுகவில்லை. இருந்தாலும் இப்போது மாதம் ஒரு தடவை கொழும்பிலிருந்து கூரை பார்க்க வருகிறான்.

கன்னையா? அவர் பாயில் உட்கார்ந்து பார்த்தார். ஜன்னலைத் திறந்து பார்த்தார். மூடிப் பார்த்தார். வீட்டில் மருமகள் அவருக்கு முன்னால் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். வெளியே வந்து மஹ்மூதாவிடம் மெதுவாக, "வேற அறை ஏதும்...?" என்று கேட்டார்.

"இந்தா, பக்கத்துல ஒண்ணு கட்டிக்கிட்டு ஈக்கோம். ஒங்களுக்கா? இப்பவே சொன்னா வச்சீக்கலாம்."

அவருடைய வாய் 'ஆமாம்' என்று சொல்லத்தான் திறந்தது. நான் சத்தியம் செய்வேன். ஆனால் தலை இடது பக்கம் சாய்ந்துவிட்டது.

"வேணுந்தான்... ஆனா நல்லது கெட்டது பாக்கணும்ல?"

வீட்டுக்குப் போய்ப் புதுப் பக்கத்தில் கோடு போட்டார். நன்மைப் பக்கத்தில் முதலாவதாக 'சாவி' என்று எழுதினார். தண்ணிக்கு இரண்டு கழித்தார். அவர் எட்டாவது தீமையை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் அந்த அறைக்கு வேறு தோட்டத்துக் காவல்காரர் ஒருவர் வந்துவிட்டார். "நல்லவேளை, அவசரப்படல," என்று கன்னையா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இருளாயி அக்கா தனியாக ஓர் அறைக்குப் போகிறார் என்று நான் சொன்னவுடன், 'ஐயோ, விழுந்துட்டா யாரு தூக்குவா?' என்று உங்கள் மனதில் ஓடியதா இல்லையா? அதில் தண்ணிக்கு எவ்வளவு கழித்தீர்கள்? போகட்டும், உங்கள் அம்மாவைக் கடைசியாக எந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தீர்கள்?

பதில் சொல்ல வேண்டாம். "எல்லாம் சரிதான், ஆனா..." என்று ஆரம்பிக்கிறீர்களே, அப்படியே அசையாமல் இருங்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, உங்கள் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.