அனுமதியில்லாத காற்று

ஜேர்மனியில் காற்று நினைத்தபாட்டுக்கு வீட்டுக்குள் வர முடியாது. பகிடியல்ல, விதி. புதுவீடு கட்டினால் ஒரு கதவில் பெரிய காற்றாடியைப் பூட்டி, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுத்து, இடுக்குகளால் எவ்வளவு காற்று களவாக உள்ளே வருகிறது என்று அளப்பார்கள். வீட்டுக் காற்று மணித்தியாலத்துக்கு ஒன்றரைத் தடவைக்கு மேல் மாறினால், வீடு தவறிவிட்டது.

எங்கள் ஆட்களுக்கு இந்த எண் மிகவும் பிடித்துப்போயிற்று. முந்தி கலியாண வீடுகளில் கார் என்ன மொடல் என்று கேட்பார்கள். இப்போது, "உங்கட வீட்டுக்கு எவ்வளவு வந்தது?" எண் குறையக் குறைய மரியாதை கூடும்.

விமலநாதன் டுசல்டோர்ஃபுக்கு வெளியே மரச்சட்ட வீடு கட்டினார். வெள்ளி விடியப் பால் காய்ச்சிக் குடிபூரல். ஐயருக்குச் சொல்லியாயிற்று. இருந்த வாடகை வீட்டையும் அன்றைக்கே விட வேண்டும். அளவையில் தவறினால் குடும்பத்தோடு தெருவில். இடுக்குகளை அடைக்கப் பசை வாங்க என்னைக் கூப்பிட்டார். போனேன்.

கடையில் ஒரு சுவர் முழுக்கப் பசைக் குழாய்கள். கூறைச்சேலை எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணை, இந்த சிலிக்கோன் நல்லா மினுங்குது."

"அது குளியலறைக்கு. வையும்."

"நுரை?"

"காய்ஞ்சா நொறுங்கும். மரம் சுருங்கும், ஊதும். அதோட சேர்ந்து இழுபடுற பசை வேணும்."

"என்ன நிறத்தில?"

"சுவருக்குள்ள ஒளியிறதுக்கு நிறம் என்னத்துக்கு?"

வெள்ளையில் மூன்று வெள்ளை இருந்தது. அரை மணித்தியாலம் யோசித்தார்.

பசையைத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் போட்டு விசையை அழுத்த வேண்டும். துப்பாக்கிக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த இரண்டு பேர், நாள் முழுக்கச் சுட்டோம். தூசி தட்டி, இடுக்கோடு சரித்துப் பிடித்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த விரலால் தடவி. விமலநாதனுக்கு வெறி பிடித்துவிட்டது.

"அண்ணை, ஒரு சொட்டுக் காத்தும் களவா உள்ளுக்கு வரக்கூடாது."

"நீர் கிழக்கு பேர்லினால களவாத்தானே உள்ளுக்கு வந்தனீர்?"

"அது வேற."

புதன்கிழமை அளக்க வந்தவர் யூலியா. கடமை தவறாதவர். பக்கக் கதவில் காற்றாடியைப் பூட்டினார். ஒன்று தசம் எட்டு. தவறிவிட்டது.

ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. விமலநாதனின் மனைவி புஷ்பராணி சாம்பிராணித் தட்டோடு வந்தார்.

"இது அங்கீகரிக்கப்பட்ட புகை அல்ல," என்றார் யூலியா. ஆனாலும் புகையின் பின்னாலேயே போனார். தலைவாசல் படியடியில் புகை துடித்தது. படிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு மஞ்சள் துணி முனை எட்டிப் பார்த்தது.

விமலநாதன் புஷ்பராணியைப் பார்த்தார். புஷ்பராணி கூரையைப் பார்த்தார். நிலை வைத்த அன்று, நல்ல நேரத்தில், காசும் நவதானியமும் மஞ்சளும் முடிந்து படிக்குக் கீழே செருகியிருக்கிறார். படி ஒரு விரல் எழும்பி நின்றது.

"இது எந்த வகைக் கட்டடப் பொருள்?" யூலியா கேட்டார்.

"லட்சுமி வாறதுக்கு."

யூலியா பசைக் குழாயைத் திருப்பி வாசித்தார். "மரம், கல், இரும்பு, சாந்து. மஞ்சள் துணி இதில் இல்லை. பூச இயலாது. எடுத்துவிடுங்கள்."

"எடுக்க ஏலாது. எடுத்தா வீடு உருப்படாது."

"எடுக்காவிட்டால் வீடு வீடாகாது."

நான் தேத்தண்ணி குடித்தேன். யூலியா யோசித்தார். கடைசியில் முகம் மலர்ந்தது.

"திறந்து மூடுவதால்தான் அது கதவு. உள்பக்கம் முழுவதையும் காற்றுப் புகாத தாளால் மூடிச் சுற்றிவர மரத்தில் ஒட்டிவிட்டால், விதிப்படி அது சுவர். சுவருக்குப் படி கிடையாது."

"அப்ப வீட்டுக்குள்ள என்னண்டு போறது?" நான் கேட்டேன்.

"காற்றுக்கு மட்டுமே நான் பொறுப்பு."

ஒட்டினோம். ஒன்று தசம் ஒன்று. விமலநாதன் அழுதுவிட்டார். உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிட வேண்டுமென்று ஏற்கெனவே சுவரில் இரண்டு ஓட்டை போட்டிருந்தது. அவை அனுமதி பெற்ற ஓட்டைகள்.

வெள்ளி விடிய, இருட்டு. ஐயர் தோரணம் கட்டிய தலைவாசலுக்கு முன்னால் நின்றார்.

"பால்குடம் தலைவாசலாலதான் போகவேணும்."

"ஐயா, அது இப்ப சுவர்," என்றார் விமலநாதன்.

பக்கக் கதவு குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால், உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் திறந்தது. அயல் வீடுகள் நித்திரை. விமலநாதன் கதவைப் பாதி திறந்து பிடித்தபடி குசுகுசுத்தார்.

"சத்தம் போடாதேங்கோ. ஒவ்வொருத்தரா வாங்கோ. குனியுங்கோ. கெதியா! காத்து வந்திடும்!"

பால்குடத்தோடு புஷ்பராணி. குத்துவிளக்கோடு ஐயர். பின்னால் நாங்கள், கூனிக்கொண்டு, ஒருவர் முதுகை ஒருவர் பிடித்தபடி. எனக்குப் பின்னால் கொலோனிலிருந்து வந்த இராசலிங்கம்.

"அண்ணை," என்றார் மெல்ல, "நாப்பது வரிசத்துக்கு முந்தியும் நாங்கள் இப்பிடித்தானே வந்தனாங்கள்?"

"பேசாமல் நடவும்."

வோஷிங் மெசினைத் தாண்டி நிமிர்ந்ததும் இராசலிங்கம் கேட்ட முதல் கேள்வி: "விமலன், எவ்வளவு வந்தது?"

"ஒண்டு தசம் ஒண்டு."

சனம் வாயைப் பிளந்தது. பால் பொங்கி வழிந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டு மாதத்துக்குள் எங்கள் ஆட்களில் மூன்று பேருடைய தலைவாசல்கள் சுவராகிவிட்டன. நாலாவது என்னுடையது. எனக்கு ஒன்று தசம் பூச்சியம். பார்க்க வருகிறவர்கள் குப்பைத் தொட்டிப் பக்கத்தால் வரவும். குனிந்து.