மஸ்கட் அண்ணாச்சி போட்ட மார்க்

உலகத்தில் மொத்தம் இரண்டே நாடுகள்தான் என்று நம்பியவர் மஸ்கட் அண்ணாச்சி. ஒன்று மஸ்கட். மற்றது மஸ்கட் அல்லாதது. மஸ்கட் என்பது ஊர்தான், நாட்டின் பெயர் ஓமன் என்று எங்கள் முதலாளி ஒருமுறை திருத்தப் பார்த்தார்.

"நீங்க அங்க போயிருக்கியளா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

முதலாளி வள்ளியூரைத் தாண்டிப் போனதில்லை. பேச்சு அத்துடன் முடிந்தது.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மல்லி, மிளகாய் மொத்தக் கடையில் நான் பில் போடுகிறேன். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு வந்து உட்கார்ந்த நாற்காலி, இன்னும் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி இருபத்திரண்டு வருடம் மஸ்கட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். ஊர் திரும்பி, போன மழைக்காலத்தில் எங்கள் கிடங்குக்கு வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் கால்குலேட்டர், காலில் பளபளக்கும் ஷூ. மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் ஷூ போட்டு நின்று தும்மிய முதல் மனிதர் அவர்தான்.

எதைப் பார்த்தாலும் அதை ரியாலாக மாற்றிப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. பக்கத்துச் சாயாக்கடையில் முதல் நாள் விலையைக் கேட்டு, கால்குலேட்டரைத் தட்டி, ஆடிப்போனார்.

"என்னடே சுகு, அங்க உள்ளதுல பாதிகூட வரலியே! இப்பிடி வித்தா நீ எப்பிடிப் பொழைப்பே?"

சாயாக்கடை சுகு தன் வாழ்நாளில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. மறுநாளே சாயாவுக்கு இரண்டு ரூபாய் கூட்டினார். கேட்டவர்களிடம் எல்லாம், "மஸ்கட் அண்ணாச்சி பறஞ்சிட்டாணு" என்று காரணமும் சொன்னார். ஒரு வாரம் தெருவில் ஒருவரும் அண்ணாச்சியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு அது உறைக்கவே இல்லை.

"சனங்க சத்தம் போடுறது குறைஞ்சிருக்கு செல்வி. முன்னேற்றம்தான்" என்றார் என்னிடம்.

"விலையை மட்டும் பாத்தாப் போதுமா? வாழ்க்கை எப்பிடி இருக்குன்னு பாக்கணும்லா" என்று, பழைய காலண்டர் அட்டையைத் திருப்பி, நடுவில் கோடு கிழித்து, கடைச் சுவரில் மாட்டினார். ஒரு பக்கம் மஸ்கட், மறுபக்கம் திருவனந்தபுரம். கரண்டு போனால் மஸ்கட்டுக்கு ஒரு மார்க். குழாயில் தண்ணீர் நின்றால் ஒரு மார்க். பஸ் நிற்காமல் போனால் ஒன்று, நின்றும் இடம் இல்லாவிட்டால் இரண்டு. மழைக்காவது நம் ஊருக்கு மார்க் விழும் என்று நினைத்தோம். "அளவாப் பெய்யத் தெரியலியே" என்று அதையும் மஸ்கட் பக்கமே எழுதினார். மழையே பெய்யாத ஊர் மழையில் ஜெயித்தது.

ஒவ்வொரு மார்க்குக்கும் என் பக்கம் திரும்புவார். "நீ சொல்லு செல்வி, எது பெட்டரு?"

என்னிடம் அதுவரை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. வாய் எழாமல் "ம்" என்பேன்.

"பாத்தியளா, செல்வியே சொல்லிட்டா!" என்று எழுதிவிடுவார். மஸ்கட் வாங்கிய மார்க்கில் பாதி என்னுடைய "ம்"தான்.

மஸ்கட்டில் ரோட்டைக் கடக்கப் போட்ட வரிக்கோட்டில் கால் வைத்தாலே வண்டிகள் நின்றுவிடுமாம். அந்த நம்பிக்கையில் ஒரு நாள் கிழக்கேகோட்டையில் நடுரோட்டில் இறங்கி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஒரு வண்டியும் நிற்கவில்லை. அவரும் கையை இறக்கவில்லை. கால் மணி நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது. கையைத் தூக்கி ரோட்டில் நிற்பவரை இந்த ஊர் போராட்டக்காரராகத்தான் புரிந்துகொள்ளும்.

"எந்தா சேட்டா, சமரமாணோ?" என்றார் ஒருவர்.

"கோரிக்கை என்னன்னு சொல்லுங்க, கூட நிக்கோம்" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் பின்னால் வந்து கையைத் தூக்கியே விட்டார்கள். யாரோ ஒரு கொடியையும் நீட்டினார். போலீஸ்காரர் வந்து மூவரையும் மரியாதையாக ரோட்டைக் கடக்க வைத்தார். அதற்கு மட்டும் மஸ்கட்டுக்கு ஐந்து மார்க்.

அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து அவருடைய பழைய முதலாளி கூப்பிட்டார். இரண்டு வருட விசா. கொச்சியில் இருக்கும் ஏஜென்ட், தம்பானூர் ரயில் நிலையத்துக்கு வந்து பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, மூன்று மணி வண்டியில் திரும்புவதாக ஏற்பாடு. தவறினால் விசா அடுத்த ஆளுக்கு.

அண்ணாச்சியின் மனைவி முட்டுவலியோடு கடைக்கே வந்துவிட்டார். "மறுபடியும் ஒத்தையில கிடக்க என்னால ஆவாதும்மா. நீ சொன்னா கேப்பாரு, ஒரு வார்த்தை சொல்லேன்."

சொல்லத்தான் நினைத்தேன். அவர் கிடங்கிலிருந்து வந்து, "என்ன செல்வி, போயிரட்டுமா?" என்று கேட்டபோது, என் பாழாய்ப்போன வாயிலிருந்து வந்தது வழக்கமான "ம்".

ஏஜென்ட் சொன்ன நாள் ஆற்றுக்கால் பொங்காலை நாள். நகரத்து ரோடெல்லாம் பெண்கள் செங்கல் அடுப்பு வைத்துப் பொங்கலிடும் நாள். இருபத்திரண்டு வருடம் ஊரில் இல்லாதவர் மட்டுமே அன்றைக்குச் சரி என்று சொல்ல முடியும்.

"கோயிலைச் சுத்தித்தானே அடுப்பு இருக்கும்? நடந்தாக் கால் மணி நேரம்" என்றார். அவர் போன காலத்துக் கணக்கு அது.

அன்று காலையில் மஸ்கட் சுத்தம் என்று சொல்லிக் கடைவாசலை ஹோஸ் பிடித்துக் கழுவிவிட்டார். வாசலில்தான் என் அடுப்பு. எரிக்க நான் அடுக்கி வைத்திருந்த தென்னங்கொதும்பு, காய்ந்த பாளை எல்லாம், முழுக்க நனைந்து சொட்டியது. பிறகு ஷூவைத் துடைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் ஃபைலோடு பத்து மணிக்குக் கிளம்பினார்.

பத்தடி போயிருப்பார்.

"அண்ணாச்சி, இதொண்ணு பிடிச்சே!" ஒரு சேச்சி குடையைக் கையில் கொடுத்துவிட்டுத் தேங்காய் துருவப் போனார்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பிடிங்க." ஒரு குழந்தை. அதைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு குடம் தண்ணீர். குடத்தை இறக்கினால் ஒரு தட்டு வெல்லம்.

"மஸ்கட்ல ரோட்ல அடுப்பு வச்சா ஃபைன் தெரியுமா?" என்று கத்தினார்.

"அது செரி. இந்த சட்டுவத்தைப் பிடிங்க" என்றார்கள்.

அரை மணி நேரத்தில் எங்கள் தெரு முனையைக்கூட அவர் தாண்டவில்லை. அதற்குள் கோயிலில் மூட்டிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி வந்தது. எல்லார் அடுப்பும் பற்றிக்கொண்டது. என்னுடையது மட்டும் புகைந்தது. கொஞ்சம் காய்ந்த கொதும்பு தாருங்கள் என்று பக்கத்தில் கேட்கவும் எனக்குக் கூச்சம். கண்ணீரோடு ஊதிக்கொண்டிருந்தேன்.

தூரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டார். "அடக் கடவுளே, நான் நனைச்சதுல்லா!" என்று வந்த வழியே திரும்பி ஓடி வந்தார். எனக்காக ஏழு அடுப்புகளில் கொதும்பு இரந்தார். ஷூவோடு மண்டியிட்டு, பாஸ்போர்ட் ஃபைலாலேயே விசிறினார். பானை பொங்கி வழிந்தபோது குலவை போட்டதில் பாதிச் சத்தம் அவருடையது. பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்க மணி ஒன்றரை. ஒரு கரண்டிப் பாயசத்தை இலையில் பொதிந்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஓடினார்.

நாலரை மணிக்கு, முகமெல்லாம் கரியோடு திரும்பி வந்தார்.

"வண்டி போயிட்டு! எல்லாம் இந்த ஊரால! மஸ்கட்டா இருந்தா இப்பிடி நடக்குமா?" என்று அட்டையில் ஒரேயடியாகப் பத்து மார்க் போட்டார். கடையே அவருக்காக வருத்தப்பட்டது. நானும்தான், வெளிப்பார்வைக்கு.

பத்து நாள் கழித்து ஏஜென்ட் கடைக்கு வந்தார். அண்ணாச்சி தன் மனைவியை முட்டுக்கு வைத்தியம் பார்க்கக் கூட்டிப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

"வண்டியை விட்டுட்டாரா? யாரு சொன்னா?" என்றார் ஏஜென்ட். "ரெண்டேகாலுக்கே வந்து நின்னாரே! பாஸ்போர்ட்டை நீட்டுதாரு, நான் பிடிச்சா விட மாட்டேங்காரு. இழுத்தும் பாத்தேன். 'இருபத்திரண்டு வருஷம் அங்க ரோட்ல நடந்தேன்பா, அண்ணாச்சி இதைக் கொஞ்சம் பிடிங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல'ன்னாரு. பாயசத்தை என் கையில வச்சிட்டுத் திரும்பிப் போயிட்டாரு. மனசு மாறியிருப்பாரோன்னு கேக்க வந்தேன். ஆளு என்ன, கிறுக்கா?"

"இல்ல" என்றேன். "ம்" வரவில்லையே என்று எனக்கே ஆச்சரியம்.

கடையில் யாரிடமும் இதை நான் சொல்லவில்லை. இங்கே எழுதுவதற்குத் தைரியம் வந்ததற்குக் காரணம் உண்டு: அண்ணாச்சி நம் ஊர் வாரப் பத்திரிகைகளைத் தொடுவதில்லை, தாள் மெலிசாம். ஒருவேளை யாராவது காட்டிப் படித்துவிட்டால், படிக்கட்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் போகாமல் இருந்தது ரொம்ப நல்லது, அண்ணாச்சி.