வல்லக்கோட்டையில கேட்ட அசல் சத்தம்

கிட்ட வந்து குந்துங்க. இது சத்தத்தை நம்பி ஒருத்தன் கெட்ட கதை. தள்ளி உக்காந்தா பாதி காதுல விழாது.

ஒரகடம் கம்பெனியில தேவராஜனுக்கு ஒருவழியா வேலை பர்மனென்ட் ஆச்சு. அதுக்காக வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை வேண்டிக்கிட்டவ பொண்டாட்டி காஞ்சனா. வேண்டுதல் அவளோடது, தலை இவனோடது.

அந்த நேரம் பார்த்து, படப்பையில கூட்டாளி ஜெகதீஷ் எடுக்கிற குறும்படத்துல தேவராஜன்தான் ஹீரோ. படம் பாதியில நிக்குது. முடி போனா ஹீரோவும் போச்சு.

ஞாயித்துக்கிழமை கோயிலு. தேவராஜனுக்கு நிக்க முடியல, உக்கார முடியல. அன்னிக்குக் காலையில "கம்பெனியில ஓவர்டைம், ஓ.டி. கீது"ன்னு காஞ்சனாகிட்ட சொல்லிட்டு, யூனிபார்மோட ஜெகதீஷ் ரூமுக்கு ஓடிட்டான்.

"மச்சி, காஞ்சனா போன் போடுவாடா. இன்னா சொல்றது?"

"நீ ஏன் சொல்ற? சத்தம் சொல்லும்."

படத்துக்குச் சத்தம் பண்றதுதான் ஜெகதீஷுக்கு வேலை. முறத்துல அரிசியை உருட்டுவான், படத்துல மழை கொட்டும். பாலித்தீன் கவரைக் கசக்குவான், குடிசை பத்திக்கினு எரியும்.

"படம் பொய் சொன்னா ஜனம் சிரிச்சிடும். சத்தம் பொய் சொன்னா நம்பிடும் மச்சி!"

அண்டாவைக் கவுத்து இரும்புக் கம்பியால அடிச்சான். ட்டங்! வாயாலயே காத்து விட்டான். புஸ்ஸ்! கம்பெனியில தகடு அடிக்கிற அசல் பிரஸ் மிஷின் தோத்துது.

போன் அடிச்சுது.

"இன்னாய்யா, எங்க கீற?"

"லைன்லதான் கீறேன்மே! மிஷின் ஓடுது, கேக்கலியா?"

ட்டங்! புஸ்ஸ்!



"கேக்குது, கேக்குது. பாவம்யா நீ. நீ இல்லாம கோயிலு எதுக்கு? வேனைத் திருப்பி அனுப்பிட்டேன். மட்டன் எடுத்தாந்து வறுத்துகினு கீறேன்."

சொய்ய்ங்! போனுக்குள்ள கேட்ட சத்தத்துல தேவராஜன் நாக்குல தண்ணி ஊறிச்சு. காலையில பச்சைத் தண்ணி குடிக்காத வயிறு.

"ஓ.டி. சீக்கிரம் முடிஞ்சிடும் போலக்கீதுமே!"

"சூடா கீது. வா."

ஷேர் ஆட்டோ புடிச்சு, பாதி சீட்டுல தொங்கிகினு வந்தான். வூட்டு வாசல்ல வேன். வேன்ல மாமியார், மச்சான், மச்சான் பொண்டாட்டி, அர்ச்சனைத் தட்டு. உள்ள ஓடினான். அடுப்புல வெறும் தோசைக்கல்லு. பக்கத்துல சொம்போட காஞ்சனா. கையால தண்ணியைத் தெளிச்சா. சொய்ய்ங்!

"அடிப்பாவி! எப்படிமே கண்டுபுடிச்ச?"

"கல்யாணத்துக்கு முன்ன நானும் கம்பெனி லைன்ல நின்னவதான்யா. கேட்லயே செக்யூரிட்டி போனைப் புடுங்கி லாக்கர்ல போட்டுட்டுத்தான உள்ள வுடுவான்? நீ நெஜமா ஓ.டி.ன்னா எடுக்க மாட்டேன்னுதான் போட்டுப் பாத்தேன். மொத ரிங்குலயே எடுத்த பாரு!"

தெனமும் தன் கையாலயே லாக்கரைப் பூட்டுற மனுஷன். மிஷின் சத்தத்துக்கு அம்புட்டு மெனக்கெட்டான், போனை மறந்துட்டான்.

அன்னிக்கு வல்லக்கோட்டையில கத்தி தலையில இறங்குச்சு. சரக், சரக். காஞ்சனா தன் போனை அந்தத் தலைகிட்டப் புடிச்சு, கடைசி முடி விழற வரைக்கும் ரெக்கார்டு பண்ணா. மிஷின் சத்தம் போட்டது யாருன்னு அவளுக்குத் தெரியாதா? ஜெகதீஷுக்கு அனுப்பிட்டு, கூடவே ரெண்டு வார்த்தையும் பேசி அனுப்பினா.

"தம்பி, இது அசல் சத்தம். படத்துல சேத்துக்கோ."