ரேடியோ அக்காவின் ஆட்சேபணை

அந்த வருஷம் அரசாங்கத்துக்குப் பூர்வகுடிகள் மேல் பிரியம் வந்துவிட்டது. பிரியம் வந்தால் அரசாங்கம் சும்மா இருக்காது, திட்டம் போடும். 'பூர்வகுடிகள் தலைமையில் கடல் பாதுகாப்பு' என்று பெயர் வைத்து, அந்தத் தலைமையை எங்கள் சார்பில் ஏற்று நடத்த மீன்வளத் துறையிலிருந்து ஓர் இணை இயக்குநரையும் அனுப்பியது.

பூர்வகுடிகள் என்றால் நாங்கள்தான். அதுவரை எங்களுக்கே தெரியாது. மீன் பிடிக்கிறவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் குடாவில் தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம். கடற்புல்லில் மீன்கள் முட்டையிடும் காலத்தில் குடாவின் வாயை மிதவைக் கயிறு கட்டி அடைத்துவிடுவோம். கயிற்றைத் தாண்டிப் படகு போகக்கூடாது. அந்தச் சில வாரங்கள் தண்ணீர் கலங்கினால் வருஷம் முழுக்க வலை காலி. தாண்டியவனுக்கு அடி, அபராதம் ஒன்றும் கிடையாது. குஞ்சுகள் பொரிந்து கயிற்றை அவிழ்க்கும் வரை ஊரில் ஒருவரும் அவனோடு பேசமாட்டோம். அவனோடு பேசுகிறவரோடும் பேசமாட்டோம். பெரிய பெரிய முரடர்கள்கூட இதற்குப் பயந்து ஒழுங்காக இருந்தார்கள்.

கயிறு கட்டுகிற பொறுப்பு ரேடியோ அக்காவுக்கு. ரேடியோ என்பது ஊர் வைத்த பெயர். "ரேடியோவுக்காவது அணைக்க ஒரு திருகு இருக்கு" என்பார் அக்காவின் வீட்டுக்காரர்.

இணை இயக்குநர் கெட்ட மனிதர் இல்லை. மக்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது அப்போது துறையில் புது நாகரிகம். அதற்கென்று பயிற்சி எடுத்து, 'கேட்கிறேன்' என்று எழுதிய வில்லை ஒன்றைச் சட்டையில் குத்தியிருந்தார். கடல் மக்களைக் கடல் வழியாகச் சந்திப்பதே மரியாதை என்றும் பயிற்சியில் சொல்லியிருந்தார்களாம். ஆகவே விசைப்படகில் ஒலிபெருக்கி கட்டி, "கடலின் அமைதி காப்போம்" என்று அலறிக்கொண்டே, கயிற்றை அறுத்து, குடாவுக்குள் வந்து இறங்கினார்.

ஊர் வாயை மூடிக்கொண்டது. அக்கா அறுந்த கயிற்றை முடிந்து மறுபடி கட்டினாள்.

மறுநாள் கூட்டம். மீன் ஏல மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். இணை இயக்குநர் தீர்மானத்தை வாசித்தார். குடாவைத் திறப்பதும் அடைப்பதும் இனி துறையின் பொறுப்பு. அடைத்த குடாவுக்குள் யாரும் நுழையாமல் இருக்கிறார்களா என்று பார்க்க ரோந்துப் படகு தினமும் நுழைந்து பார்த்துவிட்டு வரும். அங்கே எவ்வளவு அமைதி நிலவுகிறது என்பதைப் பொதுமக்களுக்குக் காட்ட உல்லாசப் படகுகளும் ஓடும்.

"உங்க கருத்து என்ன?" என்றார்.

ஒருவரும் பேசவில்லை.

"தயங்காம சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்று வில்லையைத் தொட்டுக் காட்டினார்.

எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

"மௌனம் சம்மதம் சார்" என்றார் உதவியாளர்.

"எவ்வளவு பண்பான ஜனங்க பாருங்க. நகரத்துல இப்படி ஒரு கூட்டம் நடத்த முடியுமா?"

"ஏகமனதா நிறைவேறிச்சுன்னு போட்டுக்கறேன் சார்."

வாயைத் திறந்தால் வழக்கம் போகும், திறக்காவிட்டால் குடா போகும். நன்றாக யோசித்து வழக்கத்தைக் காப்பாற்றுவதென்று முடிவு செய்தோம். வழக்கம் எதைக் காப்பாற்ற வந்தது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"நான் ஆட்சேபிக்கறேன்" என்று அக்கா எழுந்தாள்.

மண்டபமே அதிர்ந்தது. வீட்டுக்காரர் தன் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஊரில் கால் வைத்த பிறகு தன்னோடு ஒரு ஜீவன் பேசிவிட்டதில் இணை இயக்குநருக்கு முகம் மலர்ந்தது.

ஆட்சேபணை என்ற சொல் அவருக்கு உறைக்குமுன் உதவியாளர் சமாதானப்படுத்தினார். "ஒருத்தங்கதானே சார், கவலையே வேண்டாம். விதிப்படி அவங்க பேசி முடிச்சதும் நீங்க கையெழுத்துப் போட்டுடலாம்."

"முடிக்கிற வரைக்கும்?" என்று கேட்டாள் அக்கா.

"அதுவரைக்கும் தீர்மானம் நிலுவையில இருக்கும்மா. படகு எதுவும் ஓடாது."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள். "அப்ப நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததுல இருந்து ஆரம்பிக்கறேன்."

அன்று கூட்டம் முடியவில்லை, ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் இணை இயக்குநரின் அலுவலகம் திறக்கும்போதே அக்கா வாசலில் நின்றாள், பூட்டும்போதுதான் கிளம்பினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. கடற்புல்லைப் பற்றிப் பேசினாள். பல்வலியைப் பற்றிப் பேசினாள். நாத்தனார் கல்யாணத்தில் காணாமல் போன அண்டாவைப் பற்றி விரிவாகப் பேசினாள்.

"அம்மா, இது ஆட்சேபணைக்குச் சம்பந்தமா?"

"அண்டா குடாவுலதான் சார் விழுந்துது."

கூட்டக் குறிப்பில் அண்டாவும் ஏற்றப்பட்டது. இரண்டாம் வாரம் இணை இயக்குநர் வில்லையைக் கழற்றி மேஜைக்குள் போட்டார். கழற்றினாலும் கேட்டது.

குடாவில் ஈ காக்கை இல்லை, அப்படியொரு அமைதி. அந்த அமைதியெல்லாம் அக்காவின் தொண்டையிலிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அவள் திரும்பி வரும்போது குழாயடியில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். பாவமாகத்தான் இருந்தது. வழக்கமென்றால் வழக்கம்தான் என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம்.

கடைசியில் இணை இயக்குநர் கடலே இல்லாத இடமாகப் பார்த்து மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். மக்கள் குரலுக்கு இடைவிடாது செவிசாய்த்தவர் என்று பாராட்டுப் பத்திரமும் கிடைத்தது. அந்த வாரமே குஞ்சுகள் கரையோரம் கூட்டம் கூட்டமாக வந்தன. தீர்மானத்தில் கையெழுத்து விழவில்லை.

கயிற்றை அவிழ்த்ததும் ஊரே அக்கா வீட்டுக்கு ஓடியது. அடக்கிவைத்த பேச்சையெல்லாம் கொட்டினோம்.

"நீங்க இல்லைன்னா குடா போயிருக்கும்க்கா."

அக்கா மிதவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களை நிமிர்ந்து பார்த்தாள், பதில் சொல்லவில்லை.

"ஊரே வந்திருக்கு, ஏதாவது பேசேன்" என்றார் வீட்டுக்காரர். அவரையும் பார்த்தாள். பேசவில்லை.

"தொண்டை கட்டியிருக்கும்" என்றார் ஏலக்காரர்.

"பின்னே? பேசின பேச்சு கொஞ்சமா?" என்றாள் நாத்தனார்.

வேறு காரணம் இருக்குமோ என்று நாங்கள் ஆராயவில்லை. எல்லோரும் கூடியிருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஏலக்காரர் தொண்டையைச் செருமினார். "அடுத்த அடைப்புக்குப் புது அதிகாரி வருவார். அவர்கிட்டயும் அக்காவே பேசட்டும். அப்ப நாம யாரும் அக்காவோட பேசமாட்டோம், அது வழக்கம். ஆட்சேபணை உண்டா?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் வாயைத் திறக்கவில்லை. ஏகமனதாக நிறைவேற்றி, கைதட்டிவிட்டு வந்தோம்.