பேனட்டு மேல குந்துனவங்க எல்லாம் வாத்தியாரு

செங்கல்பட்டு ஜில்லாவுல பெஞ்சில குந்திகினு படிச்சவங்க ஆயிரம் ஆயிரம் பேரு இருப்பாங்க. ஸ்டேரிங்க புட்சிகினே படிச்சது ஒரே ஆளு. அவரு நெஜப் பேரு எனக்கே மறந்துபூட்சி. 'இன்னிக்கின்னா'ன்னு கூப்ட்டாதான் திரும்பிப் பாப்பாரு.

ஆபீஸ் பஸ்ஸு டிரைவரு. அதுக்கு முன்னாடி இருவது வருசம் லாரி ஓட்டுன ஆளு. நான் அந்த பஸ்ஸுல கிளீனரு. ரெண்டு பேருக்கும் நாப்பது தாண்டிச்சி. தொண்ணூறுக்கு அப்பால நடந்த கத இது. காலைல செங்கல்பட்டுல கெளம்பி, திருக்கழுக்குன்றம் வழியா கடலோரத்து ஆராய்ச்சி ஆபீஸுக்கு போவணும், சாயங்காலம் திரும்பணும். கான்ட்ராக்டு பஸ்ஸு. அதுல ஹாரனத் தவிர மத்ததெல்லாம் சத்தம் போடும். அத்த வுடுங்க, அது தனிக் கத.

டிரைவர் பக்கத்துல இன்ஜினு மேல பேனட்டு இருக்குமில்ல, அதுல ரெக்சின் மெத்த போட்டிருந்தோம். சீட்டு ரொம்பிட்டா கடைசியா ஏறுறவங்க அங்கதான் குந்தணும். கீழ சூடு கொதிக்கும். சூட்டக்கூட தாங்கிடலாம். இவரு கேக்குற கேள்விதான் பேஜாரு.

"சார், இன்னிக்கு இன்னா?"

"இன்னிக்கு என்னய்யா? செவ்வாக்கெழம."

"அது தெரியும் சார். தெரியாதது ஒண்ணு சொல்லுங்க. எறங்கறதுக்குள்ள கத்துக் குடுத்துடணும். பேனட்டு ரூலு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா, ஆள வுடு."

"இம்மாம் படிப்பு படிச்சிகிறீங்க, ஒண்ணுகூடவா தெரியாது?"

பஸ்ஸே சிரிக்கும். இதுக்குப் பயந்துகினே எல்லாரும் சீக்கிரமா வந்து சீட்டு புட்சிடுவாங்க. அந்த ஆபீஸுலயே லேட்டா வராத பஸ்ஸு எங்க பஸ்ஸுதான். பெரிய ஆபீசரு கூட பாராட்டுனாரு. காரணம் அவருக்குத் தெரியாது.

இன்னொரு ரூலும் வெச்சிருந்தாரு. காலைல கத்துகினத சாயங்காலத்துக்குள்ள யூஸ் பண்ணிடணும். "யூஸ் பண்லன்னா துருப்புடிச்சிடும் மச்சான்"னுவாரு.

ஒரு நாளு நர்ஸம்மா ஒருத்தங்க பேனட்டுல மாட்டிகினாங்க. நாடி புட்சி எண்றது எப்டின்னு சொல்லிக் குடுத்தாங்க. அன்னிக்கு சாயங்காலம் படிக்கட்டுல நின்னுகினு ஏறுற ஒவ்வொருத்தர் கையயும் புட்சிகினாரு. நாப்பது பேரு. வரிச ஆபீஸு கேட்டத் தாண்டிப்பூட்சி.

"சார், உங்குளுக்கு ரொம்ப ஸ்பீடா கீது."

"லேட்டாவுதுல்ல, அதான்யா ஸ்பீடு!"

இன்னொரு வாட்டி கணக்கு செக்‌ஷன் மேடம் ஸ்வெட்டர் பின்னக் கத்துக் குடுத்தாங்க. வண்டி நிக்கிற நேரமெல்லாம் குந்தி பின்னுனாரு. முடிஞ்சது சரியா கத்திரி வெயில்ல. ரூலு ரூலுதான? மாட்டிகினு வந்துட்டாரு. தலையிலேந்து தண்ணி ஊத்துது. எடது கை மட்டும் முட்டியத் தாண்டி தொங்குது, வலது கை மொழங்கைலயே நின்னுபூட்சி.

"இன்னா அண்ணாத்த, ஒரு கை நீளம், ஒரு கை குட்ட?"

"கியரு போட்ற கை மச்சான். எட்டணுமில்ல?"

கேரளாக்கார ஆபீசருகிட்ட மலையாளம் கத்துகினாரு. அப்பாலேந்து ரோட்டுக்குக் குறுக்க எரும நின்னா மலையாளத்துலதான் கெஞ்சுவாரு. அதுங்களும் ஒதுங்கும். தமிழ்ல சொன்னா எங்க ஒதுங்குதுங்க?

என்னயும் தெனம் கேப்பாரு. "நீ சொல்லு மச்சான், இன்னிக்கு இன்னா?" நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். எனக்கு இன்னா தெரியும்? "போய்யா, பேனட்டெல்லாம் படிச்சவங்க குந்துற எடம்"னு படிக்கட்டுலயே தொங்கிகினு வருவேன்.

இப்டி ஓடிகினு இருக்கசொல்ல ஒரு சேதி வந்துது. கான்ட்ராக்டு முடியுது, இனிமே ஆபீஸே பஸ்ஸு வுடும், டிரைவருங்கள பர்மனென்ட் பண்ணுவாங்க. எட்டாங்கிளாஸு பாஸ் பண்ண சர்டிபிகேட்டு வேணும். இல்லாதவன் வூட்டுக்குப் போவ வேண்டிதான். நம்ம ஆளு நாலாவதோட நின்னவரு. அவுரு சம்சாரம் தலயில அட்ச்சிகிச்சி.

"மாட்டுகிட்ட மலையாளம் பேசுற, ஸ்வெட்டர் பின்னுற. எட்டாங்கிளாஸ மட்டும் எவனும் பேனட்டுல கொண்டாரலியாய்யா?"

தனியா பரிட்ச எழுதி பாஸ் பண்ணலாம்னாங்க. அதுக்கப்பறம் பாக்கணுமே எங்க பஸ்ஸ! பேனட்டுக்கு பயந்து ஓடுனவங்கல்லாம் இப்ப பேனட்டுக்கு அட்ச்சிகினாங்க. "இன்னிக்கு கணக்கு, நான்தான்." "அதெல்லாம் இல்ல, சரித்திரம் பாதியில நிக்குது, நவுருங்க." சுண்டல் பொட்டலத்த வெச்சி பின்னம் சொல்லிக் குடுத்தாரு ஒரு சயின்டிஸ்டு. அன்னிக்கு சாயங்காலம் பஸ்ஸு பூராவுக்கும் சுண்டல் கெடச்சிது, ஆளுக்கு நாப்பதுல ஒரு பங்கு. மூணு கொண்டக்கடல.

பரிட்ச அன்னிக்கு நானும் கூடப் போனேன். உள்ள போன மனுசன் அர மணி நேரத்துல வெளிய வந்துட்டாரு. மொகம் செத்துக் கெடக்குது.

"இன்னா அண்ணாத்த?"

"ஒண்ணும் வர்ல மச்சான். கை சும்மா கீது, காலு சும்மா கீது. அந்த பெஞ்சி ஓடவே மாட்டேங்குது. நிக்கிற எடத்துல எனக்கு எதுவும் நெனப்பு வராது."

ஆபீஸுல கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாட்டி எழுத டைம் வாங்குனோம். அதுதான் கடைசி. மனுசன் சோறு திங்கல, 'இன்னிக்கு இன்னா'ன்னு ஒருத்தரயும் கேக்கல. மூணு நாளு பஸ்ஸே எழவு வூடு மாரி போச்சி. எனக்குத் தாங்கல. படிக்கட்டுலேந்தே கத்துனேன்.

"பெஞ்சி ஓடலன்னா நீ ஓட்டேன்யா! எந்தப் பாடம் எந்த எடத்துல படிச்சன்னு உனக்குத் தெரியுமில்ல?"

வண்டிய ஓரங்கட்டிட்டாரு. "இன்னொரு வாட்டி சொல்லு மச்சான்"னாரு. அப்பால கெளப்பிகினு போனவருதான், தெனம் வாய்க்குள்ள சொல்லிகினே ஓட்டுவாரு. ரயில்வே கேட்டுல பின்னம். திருக்கழுக்குன்றம் கொளத்தாண்ட மொகலாய ராஜாங்க. புதுப்பட்டினத்துல இங்கிலீஷு லெட்டரு.

ரெண்டாவது பரிட்ச. நான் ஜன்னலாண்ட நின்னுகினு பாக்குறேன். குந்துனாரு. கிளச்ச மிதிச்சாரு. கியரப் போட்டாரு. வலது கையில பேனா, எடது கையில இல்லாத ஸ்டேரிங்கு. எழுதுறாரு, திருப்புறாரு, எழுதுறாரு. காவலுக்கு நின்ன வாத்தியாரு கிட்ட வந்தாரு.

"யோவ், என்னய்யா பண்ற?"

"ஒரு நிமிசம் சார், வளைவுல கீறேன்."

நல்லாத்தான் போயிகினு இருந்துது. திடீர்னு பிரேக்கு போட்டாரு. மண்ணு வகைங்க எத்தினின்னு கேள்வி. அந்தப் பாடம் எடுத்த நாளு கோயிலு தேரு நின்னதால ரோட்ட மறிச்சிட்டாங்க, நாங்க பின்னாடி வந்து வேற வழியா போனோம். அது நெனப்பு வந்துது போல. மனுசன் ரிவர்ஸு கியரப் போட்டு, கழுத்தத் திருப்பி பின்னாடி பாத்தாரு பாருங்க! வாத்தியாரு பாஞ்சி வந்து பேப்பரப் புடுங்கிட்டாரு.

"பின்னாடி பாத்து காப்பி அடிக்கிறியா?"

"ஐயோ சார், ரிவர்ஸு எடுக்கறேன்!"

நான் ஜன்னல்ல தொங்கிகினு கத்துனேன்: "சத்தியமா சார்! தேரு அன்னிக்கு ரிவர்ஸுதான் எடுத்தோம்! நான்தான் பின்னாடி நின்னு வா வான்னு சொன்னேன்!"

வாத்தியாரு பின் பெஞ்சியப் பாத்தாரு. அங்க யாருமே இல்ல, செவுருதான் கீது. பேப்பரத் திருப்பிக் குடுத்துட்டு, "சரி, பாத்து எடு"ன்னாரு.

பாஸு. ஆபீஸ் பஸ்ஸு, காக்கி சட்ட, பர்மனென்ட். என்னயும் கிளீனரா வெச்சிகினாங்க. மொத நாளு காலைல நான் வழக்கம் போல படிக்கட்டுல ஏறுனேன். பேனட்டுல துண்டு கெடக்குது. மூணு ஆபீசருங்க நின்னுகினு வராங்க.

"யாருக்கு எடம் புட்ச்சிகிற அண்ணாத்த?"

"உனக்குத்தான். குந்து. பெஞ்சிய ஓட்டச் சொன்ன வாத்தியாரு நீதான? இன்னிக்கு இன்னா?"

கூச்சமா பூட்சி. தெரிஞ்சதச் சொன்னேன். டயர இரும்பு ராடால தட்டுனா 'டங்'னு கேட்டா காத்து கீது, 'டொப்'புன்னா எறங்கிகினு கீதுன்னேன். பின்னாடி ஜோடியா கீற உள் டயருக்கும் வெளி டயருக்கும் சத்தம் எப்டி மாறும்னு, மழைல எப்டி ஏமாத்தும்னு எல்லாம் சொன்னேன். சாயங்காலம் ஆறு டயரயும் தட்டித் தட்டி, காத வெச்சி கேட்டுட்டுதான் வண்டிய எடுத்தாரு. எனக்கு அப்டி ஒரு பெரும.

அவரு ரிட்டேராயி போயி எத்தினியோ நாளு கழிச்சிதான் எனக்கு ஒறச்சிது. இருவது வருசம் லாரி ஓட்டுனவருக்கா டயரு தட்டத் தெரியாது? ஆனா அன்னிக்கு, கடலு கண்ணுல படற வரைக்கும், "அப்பறம் மச்சான்? அப்பறம்?"னு கேட்டுகினே வந்தாரு.